வானிலை அறிக்கையின் சொற்களும் அவற்றின் அளவுகளும்

நூல் வாங்கும் நெசவாளர் "நயமான நூல்" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதில்லை. எத்தனையாம் நம்பர் என்று கேட்கிறார். விதை வாங்கும் விவசாயியும் ரகத்தின் பெயரையும் முளைப்புத் திறனையும் விசாரிக்கிறார். ஆயின் மழையைப் பற்றிய அறிவிப்பைக் கேட்கும்போது மட்டும், "கனமழையாம்", "புயலாம்" என்று சொல்லிவிட்டு நாம் அமைந்துவிடுகிறோம். அச்சொற்களுக்கும் நூலின் நம்பரைப் போலத் திட்டமான அளவுகள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால், பாவு விரிக்கும் நாளையும், உரமிடும் நாளையும், சங்கத்தின் சரக்கை மேட்டில் ஏற்றும் நாளையும் நாமே தீர்மானிக்கலாம்.

நமக்குக் கிடைக்கும் அறிக்கை, சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து வெளியாகிறது. நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தனர். இப்பாடத்திற்கு அதன் சுற்றுப்புறமாகிய தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளையே உதாரணமாகக் கொள்வோம். அண்மை ஆண்டுகளில் மழையும் காற்றும் தத்தம் வலிமையைத் தனித்தனியே காட்டிய இடங்கள் அவை.

வானிலையும் காலநிலையும்

மயிலாப்பூரில் இன்று பிற்பகல் மழை பெய்தது என்பது வானிலை. சென்னையில் ஆண்டுதோறும் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது என்பது காலநிலை. எந்தப் பயிரை இடுவது என்பதற்குக் காலநிலையை நோக்க வேண்டும். நாளை மருந்து தெளிக்கலாமா என்பதற்கு வானிலையை நோக்க வேண்டும்.

ஈரப்பதமும் கடற்காற்றும்

குறிப்பிட்ட வெப்பத்தில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்பதே ஈரப்பதம். இது சதவீதத்தில் கூறப்படும். ஈரப்பதம் மிகுந்தால் கஞ்சி தோய்த்த பாவு காயாது; மிகவும் குறைந்தால் பருத்தி இழை வறண்டு அறும்.

கோடையில் தரை கடலைவிட விரைவில் சூடேறுகிறது. தரையின் மேலுள்ள காற்று வெப்பமுற்று மேலே எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அது கடலோரத்து மயிலாப்பூரை முதலில் அடைந்து, பின்னரே உள்ளே செல்லும். ஆகையால்தான் கோடையில் மீனம்பாக்கத்து வெப்பம் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிட மிகுந்திருக்கிறது.

மழையின் அளவுகோல்

காலை 8.30 மணிக்கு முடியும் 24 மணி நேரத்தில் மழைமானியில் சேர்ந்த நீரே ஒரு நாளின் மழை. அது 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை இருந்தால் மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டால் அதி கனமழை.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கரில் அது சுமார் 4,000 லிட்டர் ஆகும். கனமழை 100 மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் நான்கு லட்சம் லிட்டர் நீர் நிற்கும் அல்லது ஓடும்.

"ஓரிரு இடங்களில்" என்றால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் என்று பொருள். நம் ஊரில் பெய்யவில்லை என்பதால் அறிக்கை பொய்த்தது ஆகாது.

காற்றின் அளவுகோல்

சுற்றுப்புறத்தைவிடக் காற்றின் அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நாற்புறத்துக் காற்றும் விரைகிறது. அவ்வாறு சுழலும் காற்றின் வேகத்தைக் கொண்டே பெயர்கள் ஏற்பட்டிருக்கின்றன. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைவாயின் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால் புயல். 89-ஐ எட்டினால் தீவிரப் புயல். இப்பெயர்களுள் ஒன்றேனும் மழையின் அளவைக் குறிப்பதன்று என்பதை அங்கத்தினர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

மூன்று டிசம்பர் மாதங்கள்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையைப் புயல் எதுவும் தாக்கவில்லை. எனினும் மறுநாள் காலை 8.30 மணிக்கு எடுத்த கணக்கில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. மேற்கே பெய்த மழையும், நிறைந்த ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் சேர்ந்து சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தன. புயல் இல்லை என்ற நிம்மதி அங்கே பயன்படவில்லை.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, மின்சாரம் தடைப்பட்டது. அன்று கூரைக்கும் மரத்துக்கும் அஞ்ச வேண்டியிருந்தது.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லாவுக்கு அருகே கரையைக் கடந்தது. ஆயினும் அதற்கு முந்திய இரு நாட்களில், கடலில் இருந்தவாறே சென்னையில் பெருமழையைக் கொட்டியது; வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மிதந்தன. கரை கடக்கும் இடம் வேறு, மழை பெய்யும் இடம் வேறு என்பது இதனால் விளங்கும்.

நாம் செய்யவேண்டியவை

அறிக்கையைக் கேட்டவுடன் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்: காற்று எவ்வளவு? மழை எவ்வளவு? நமக்கு மேலேயுள்ள ஏரி, ஆற்றில் நீர் எவ்வளவு?

காற்று மிகும் என்றால், ஓலைக் கூரையையும் தகரத்தையும் இறுகக் கட்டி, வாழைக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். மழை மிகும் என்றால், நூல் சிப்பங்களையும் உர மூட்டைகளையும் தரையிலிருந்து உயர்த்திவைத்து, வயலின் வடிகாலைத் திறந்துவிட வேண்டும், உரமிடுவதை ஒத்திவைக்கவேண்டும். குழித்தறி வைத்திருப்போர் தறிக்குழியில் நீர் புகாதபடி வாயிலில் மண் அணை இடுவது நலம். தறிக்குழியில் ஒரு முறை நீர் நின்றால், அது உலரும்வரை அக்குடும்பத்துக்குக் கூலி இல்லை.

நிற எச்சரிக்கைகளையும் அறிந்திருப்பது அவசியம். மஞ்சள் கவனித்திருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு உடனே செயற்படவும் கூறுகின்றன. ஆரஞ்சு நிறத்தன்றே சரக்கை ஏற்றிவிடும் சங்கம், சிவப்பு நிறத்தன்று ஆட்களைக் காக்கும் வேலையில் முழுமையாக ஈடுபடலாம்.

ஒவ்வொரு சங்கமும் அன்றைய அறிக்கையை அளவுகளோடு கரும்பலகையில் எழுதிவைக்குமானால், எழுத்தறிந்த ஒருவர் படித்துச் சொல்ல, அங்கத்தினர் அனைவரும் பயன்பெறுவர்.

வகுப்பில் விவாதிக்க

1. இரண்டு ஏக்கர் நிலத்தில் 70 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் சேரும்? அம்மழைக்குப் பெயர் யாது?

2. "புயல் இல்லை, ஆகவே வெள்ளம் வராது" என்று ஒருவர் கூறினால் என்ன விடையளிப்பீர்கள்?

3. உங்கள் சங்கக் கிடங்கின் தரைமட்டம் தெருவைவிட எத்தனை அடி உயரம்? அளந்து எழுதுக.