ஏட்டில் இருந்த ஆயத்தம்

“எதற்கும் ஆயத்தமாக இருக்கிறோம், மக்கள் அஞ்ச வேண்டுவதில்லை.” கொள்ளைநோய் தலைகாட்டும் போதெல்லாம் ஆள்வோரிடமிருந்து முதலில் வரும் உறுதிமொழி இது. இதனை எந்த அளவுக்கு நம்பலாம்? பிரிட்டனின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

மதிப்பெண்

2019 அக்டோபரில் வெளிவந்த உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு 195 நாடுகளின் ஆயத்த நிலையை அளந்தது. அமெரிக்கா முதலிடமும் பிரிட்டன் இரண்டாமிடமும் பெற்றன. எந்த நாடும் முழு ஆயத்தத்தில் இல்லை என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. ஆயினும் 2020 பிப்ரவரி 26 அன்று அதிபர் டிரம்ப் அப்பட்டியலைச் செய்தியாளர்களிடம் தூக்கிக் காட்டினாரேயன்றி, எச்சரிக்கையைக் காட்டினாரில்லை.

ஒத்திகை

பிரிட்டன் 2016 பிப்ரவரியில் ‘ஆலிஸ்’ என்னும் ஒத்திகையை நடத்தியது. மெர்ஸ் என்னும் கொரோனா வகை நோய் பரவினால் செய்ய வேண்டுவன அதில் ஆராயப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் ‘சிக்னஸ்’ என்னும் மூன்று நாள் ஒத்திகை, கடுமையான இன்புளூயன்சா பரவுவதாகக் கற்பனை செய்து நடந்தது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். கடுங்கொள்ளைநோயைத் தாங்க நாட்டின் திட்டங்களும் திறனும் போதா என்பதே அதன் முடிவு. ஆனால் அவ்வறிக்கையை அரசு 2020 அக்டோபரில்தான் முறைப்படி வெளியிட்டது. ஆலிஸ் அறிக்கை மக்கள் பார்வைக்கு வர 2021 ஆயிற்று.

சோதனை

2020 மார்ச் 3 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன், நாடு மிக நன்றாக ஆயத்தமாக உள்ளது என்றும், நோய்ப் பரிசோதனை முறை மிகச் சிறந்தது என்றும் கூறினார். ஒன்பதே நாட்களில், மார்ச் 12 அன்று, மருத்துவமனைக்கு வெளியே பொதுமக்களுக்குச் செய்த பரிசோதனை கைவிடப்பட்டது. அனைவரையும் பரிசோதிக்கும் வசதி இல்லை. மார்ச் 23 அன்று ஊரடங்கு வந்தது. பிரிட்டனில் இந்நோய்க்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

பிரதமர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டிவிடலாமா? அது எளிது, ஆனால் பாடம் வேறு. நீதிபதி ஹாலெட் தலைமையிலான விசாரணைக் குழு 2024 ஜூலையில் தந்த அறிக்கையின்படி, நாடு ஆயத்தமானது வேறொரு நோய்க்கு, அதாவது இன்புளூயன்சாவுக்கு. அமைச்சர்களோ வல்லுநர்களைத் துருவிக் கேட்கவில்லை. கேள்வி கேளாத அமைச்சரின் நம்பிக்கையே, கேள்வி கேளாத மக்களுக்கு உறுதிமொழியாக வந்து சேர்ந்தது.

நாம் செய்யத்தக்கது

எல்லாவற்றையும் ஐயுறுவது அறிவுடைமை ஆகாது. அரசின் சொல் அனைத்தையும் தள்ளுபவன் தடுப்பூசியையும் தள்ளிவிடுவான். பீதியும் நோயைப்போலவே கொல்லும். ஆகவே நம் ஐயம் கேள்வியாக வேண்டும். கடைசி ஒத்திகை எப்போது நடந்தது? அதில் கண்ட குறைகள் யாவை? அவற்றுள் எத்தனை நீக்கப்பட்டன? அறிக்கை மக்கள் முன் வைக்கப்பட்டதா? இவற்றுக்கு விடை சொல்லும் ஆட்சியை நம்பலாம். “அஞ்சாதீர்” என்று மட்டும் சொல்லும் ஆட்சியை மீண்டும் கேட்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். நோயற்ற நாளில் இக்கேள்விகளைக் கேட்பது கற்றவர் கடன். நோய் வந்த பின் கேட்டால், விடை வரலாம். இழந்த உயிர் வாராது.