பேப்பர் போடுவதற்கு முன்னால்

வாலாஜாபாத்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுவது. போனில் பேசினால் "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். சீரியலில் இரண்டு நாள் நடித்துவிட்டு வந்ததிலிருந்து நைட் ஷிப்டுக்கு ஒழுங்காகப் போவதில்லையாம், உன் அம்மா சொல்லி அழுதாள். பேப்பர் போட்டுவிட்டு வடபழனியில் ரூம் எடுக்கப் போகிறாயாமே?

முடிவு உன்னுடையது. நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒரகடம் ஃபேக்டரியில் நீ தினமும் மிதிப்பது உன் தாத்தா வேர்க்கடலை போட்ட மண். ஃபேக்டரிக்காக அதை எடுத்துக்கொள்ளும்போது வீட்டுக்கு ஒரு வேலை என்று வாயால் சொன்னார்கள், எழுத்தில் தரவில்லை. உன் அப்பா வேலையை விடும்வரை கான்ட்ராக்டில்தான் லோடு ஏற்றினான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டில் பர்மனென்ட் கார்டு மாட்டியவன் நீ ஒருத்தன். அவர்கள் சொன்ன வாக்கை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நடிகர் நாசர் நம் பக்கத்து ஊர்க்காரர்தானே, அவர் ஜெயிக்கவில்லையா என்பாய். ஆமாம், செங்கல்பட்டு. அவரையே பார். கொஞ்ச காலம் விமானப் படை, பிறகு தாஜ் கோரமண்டல் ஹோட்டலில் வேலை. பிலிம் சேம்பர் பள்ளியிலும் அரசு திரைப்படக் கல்லூரியிலுமாக இரண்டு இடத்தில் நடிப்புப் படித்தார். பாலசந்தரின் 'கல்யாண அகதிகள்' 1985இல் வந்தது. ஊரே திட்டித் தீர்த்த 'தேவர் மகன்' மாயத் தேவர் வந்தது 1992இல். நடுவில் ஏழு வருஷம், தம்பி! 'நாயகன்' போலீஸ்காரர்கூட இந்த ஏழுக்குள்தான். 1995இல் அவரே இயக்கி நடித்த 'அவதாரம்' பார். கூத்துக் குழுவில் எடுபிடியாக இருந்துகொண்டு ஒரு வேஷத்துக்கு ஏங்கும் குப்புசாமி. படித்துவிட்டு வந்தவரால்தான் அந்த ஆளைத் தாங்க முடிந்தது.

டெல்லி கணேஷ் பத்து வருஷம் விமானப் படையில் இருந்தவர். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதியவர், சீரியலிலும் நடித்தவர். யாரும் வெறுங்கையோடு வரவில்லை.

போர்ட்போலியோவுக்கு நாற்பதாயிரம் கேட்கிறானே ஒருத்தன், அவன் பக்கமே போகாதே. நடிக்க வருகிறவனிடம் காசு வாங்குகிறவன் படம் எடுக்கமாட்டான்.

இரண்டு வழி சொல்கிறேன், எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள். காஞ்சிபுரம் தாண்டினால் புரிசை. கண்ணப்பத் தம்பிரான் வழி வந்தவர்கள் அங்கே கூத்து சொல்லித் தருகிறார்கள். வார லீவில் போய்க் காலில் சலங்கை கட்டு, விடிய விடிய நின்று பார். இல்லையா, முறையான நடிப்புப் பள்ளியில் சேர், சீட்டு கையில் வந்த அன்றைக்குப் பேப்பர் போடு. வடபழனி ரூமுக்கு மட்டும் என் வாயால் சரி என்று வராது.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. சின்ன வயசில் நீ கட்டபொம்மன் வேஷம் போட்டபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் நான்தான். உனக்கு அந்தக் களை இருக்கிறது, எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கு எவ்வளவு ஃபீஸ் ஆனாலும் அப்பாவைக் கேட்காதே, நான் கட்டுகிறேன். உன் அம்மாவையும் நான் பேசிச் சமாதானம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. அந்த சீரியல் எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு என்று பெரியம்மா கேட்கச் சொன்னாள், தெருவில் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டுமாம்.

உன் பெரியப்பா