பட்டொலியும் கதவொலியும்

அகராதியைப் பொருள் தேடுதற்கன்றி வாளா புரட்டுவதும் பயனுடைய பொழுதுபோக்கேயாகும். அங்ஙனம் ஆங்கில அகராதியொன்றைப் புரட்டிய யாம் 'ஸ்க்ரூப்' என்னும் அருஞ்சொல்லைக் கண்டு நின்றோம். எண்ணெய் காணாத கதவின் கீல் எழுப்பும் கரகரத்த ஒலி என்பது அதன் ஒரு பொருள். பட்டாடை அசையுங்கால் எழும் மெல்லொலி என்பது மற்றொரு பொருள். செவியைத் துன்புறுத்தும் ஒலிக்கும் செவிக்கினிய ஒலிக்கும் ஒரே பெயர் அமைந்தது எங்ஙனம்? இதனை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சொல் இலத்தீனினின்றோ கிரேக்கத்தினின்றோ வந்ததன்று. கேட்ட ஒலியைப் போலச்செய்து மக்கள் நாவிற் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுத்திலேறியதென்பர் அகராதியார். நெடுங்காலம் இங்கிலாந்தின் நாட்டுப்புற வழக்காய் நின்று, பின்னர் நெசவுத் தொழிலின் கலைச்சொல்லாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் வரும் ஸ்க்ரூப் பிரபுவை இதனோடு இயைத்தல் பொருந்தாது, அது குடிப்பெயர்.

நிற்க. பட்டு இவ்வொலியைப் பிறவியிலேயே பெற்றதென நம்மிற் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. கூட்டினின்று எடுத்த பட்டுநூலில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை செரிசின் என்னும் பசை உண்டு. சவர்க்கார நீரிற் காய்ச்சினால் அப்பசை நீங்க, ஃபைப்ராயின் என்னும் உள்ளிழை மென்மையும் பளபளப்பும் பெறும். பின்னர் அசெட்டிக் அமிலமோ டார்டாரிக் அமிலமோ சிறிது கலந்த நீரில் அதனைத் தோய்த்து, மீண்டும் அலசாமல் உலர்த்துவர். அதன்பின் கையால் அழுத்தினால் தெளிவாக ஒலிக்கும். இழையோடு இழை உராயுங்கால் சற்றே பற்றி, உடனே வழுக்கி, மறுபடியும் பற்றுவதே அவ்வொலிக்குக் காரணம். துருவேறிய கீல் அலறுவதும் இம்முறையாலேயே. குங்கிலியம் தடவிய வில் பிடில் நரம்பில் இசை எழுப்புவதும் இம்முறையாலேயே. ஆகவே கதவையும் பட்டையும் ஒரு சொல்லால் வழங்கிய நாட்டுப்புறத்தார், பௌதிக நூல் பயிலாமலே, இரண்டிற்கும் பொதுவான உராய்வைச் செவியால் உணர்ந்தனர் போலும்!

இனி, இதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுந்தோம். ஒரு சொல் போதவில்லை. கதவு கிரீச்சென்று ஒலிக்கும். பல் நறநறவென்று ஒலிக்கும். பட்டும் சருகும் சரசரவென்று ஒலிக்கும். ஆங்கிலம் பட்டைக் கதவோடு சேர்த்தது. தமிழோ பட்டைச் சருகோடு சேர்த்தது. மேலும், பற்றலும் வழுக்கலும் மீண்டும் மீண்டும் நிகழ்வதை நம் இரட்டைக்கிளவி தன் வடிவிலேயே காட்டிவிடுகின்றது. இத்தகைய சொற்களைச் சிறுவர் பேச்சென்று இகழ்வாரும் உளர். தொல்காப்பியரோ இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் வகுத்ததோடு, உரிச்சொல்லை விளக்குமிடத்து இசை, குறிப்பு, பண்பு என மூன்றனுள் இசையை முதற்கண் வைத்தார். கிழக்கத்திய மொழியாயினும் மேற்கத்திய மொழியாயினும், புலவர் ஏட்டிற்கு முன்னரே உழுவார் நாவிலும் நெய்வார் நாவிலும் சொல் வாழ்கின்றது. அந்நாவிற்குச் செவிசாயாத தமிழ்க் கல்வி பாதிக் கல்வியே என்பது எம் துணிபு.

இன்னுமொன்று கூறி அமைவோம். பருத்தித் துணியையும் சவர்க்காரத்தில் தோய்த்துப் பின் அமில நீரிலிட்டால், அதுவும் பட்டுப்போல் ஒலிக்கும். ஆகவே ஒலி கேட்டுப் பட்டென்று விலை பேசுவோர் ஏமாறவுங்கூடும். இதனை யாம் வாசித்தபோது நாணினோம். ஏனெனில் எம் வகுப்புக் கட்டுரைகளிற் பல எதுகையும் மோனையும் பெய்து சரசரவென்று ஒலிப்பன. விரித்துப் பார்த்தால் இழை பருத்தியே. பருத்தி இழிந்ததன்று, வெயிற்காலத்தில் அதனினும் நல்லாடை யாது? பருத்தியைப் பருத்தியென்றே விற்றல் வேண்டும், அவ்வளவே. சொல்லோசையை விரும்புவோம், ஆயின் அதனை இழைக்குச் சான்றாகக் கொள்ளாதிருப்போமாக.