தரங்கம்பாடியை விற்றவர்கள் கிரீன்லாந்தை விற்க முடியாதா?

கேள்வி: அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். கிரீன்லாந்தை அமெரிக்கா கேட்கும் செய்தி வந்ததிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடாமல் கேள்வி கேட்கிறார்கள். “டென்மார்க்கும் அமெரிக்காவும் நேட்டோவில் ஒரே அணிதானே, கூட்டாளி நிலத்தைக் கூட்டாளியே கேட்பானா?” என்கிறான் ஒருவன். இன்னொரு மாணவி கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “நம்ம தரங்கம்பாடியையே டென்மார்க்காரங்க வெள்ளைக்காரனுக்கு வித்துட்டுத்தானே போனாங்க, டீச்சர்? கிரீன்லாந்தை வித்தா மட்டும் என்ன தப்பு?” இதற்கு என்ன சொல்வது?

– ஆசிரியை ஒருவர், பொறையாறு

பதில்: உங்கள் மாணவி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அவள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் அந்தப் பையனின் கேள்வியும் பாதி தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

அவள் சொன்னது உண்மை. 1845இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் வங்கத்தில் தன் வசம் இருந்த சேராம்பூரையும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. 1868இல் நிக்கோபார் தீவுகள் மீதிருந்த உரிமையையும் பிரிட்டனிடம் விட்டது. 1917இல் கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் ஆகிய மூன்று தீவுகளை 2.5 கோடி டாலர் மதிப்புள்ள தங்கத்துக்கு அமெரிக்காவுக்கே விற்றது. விற்கலாமா வேண்டாமா என்று 1916 டிசம்பரில் டென்மார்க்கில் வாக்கெடுப்புகூட நடந்தது. கோபன்ஹேகனில் கடை வைத்திருந்தவருக்கு அதில் ஓட்டு இருந்தது. விற்கப்பட்ட தீவுகளில் பிறந்து, கரும்புத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களுக்கு ஓட்டு இல்லை. 1845இல் தரங்கம்பாடி மீனவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்று உங்கள் மாணவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள்.

கிரீன்லாந்தும் இதே வரலாற்றில் வந்த நிலம்தான். 1706இல் மதபோதகர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே நான்காம் ஃபிரெடெரிக் மன்னரின் ஆட்சியில்தான் 1721இல் ஹான்ஸ் எகெடே என்ற பாதிரியார் கிரீன்லாந்தில் போய் இறங்கினார். கோபன்ஹேகனில் இருந்த ஒரே மிஷன் சபை இரண்டு ஊர்ப் பணிகளையும் மேற்பார்த்தது. ஆக, ஒரு காலத்தில் தரங்கம்பாடியும் கிரீன்லாந்தும் டென்மார்க் அரசனின் சொத்துப் பட்டியலில் அடுத்தடுத்த வரிகள். ஒன்றை விற்றார்கள், மற்றொன்றை வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் இன்று விற்க என்ன தடை? கிரீன்லாந்து இன்று அந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான் தடை. 1953இல் டென்மார்க் தன் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கிரீன்லாந்தின் குடியேற்ற நாடு என்ற நிலையை நீக்கியது. 1979இல் உள்நாட்டு ஆட்சி வந்தது. 2008இல் அங்கே நடந்த வாக்கெடுப்பில் 75 சதவீதம் பேர் தன்னாட்சியை விரிவாக்கக் கேட்டார்கள். 2009 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டம், கிரீன்லாந்து மக்கள் சர்வதேசச் சட்டப்படி சுயநிர்ணய உரிமை உள்ள ஒரு மக்களினம் என்று முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. பிரிந்து போவதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. விற்பதற்கான உரிமை கோபன்ஹேகனின் கையில் இல்லை. இல்லாத உரிமைக்கு எந்த விலை கொடுத்தாலும் அது கிரயம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் மறந்துவிட்டார்கள். கரீபியன் தீவுகளை வாங்கும்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் 1916 ஆகஸ்டில் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். டென்மார்க் தன் அரசியல், பொருளாதார நலன்களைக் கிரீன்லாந்து முழுவதற்கும் விரிவாக்குவதற்கு அமெரிக்கா மறுப்புச் சொல்லாது என்பது அதன் சாரம். 1933இல் ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றமும், கிழக்குக் கிரீன்லாந்தைக் கேட்ட நார்வேக்கு எதிராக, டென்மார்க் பக்கமே தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாடுதான் இன்று கேட்கிறது.

இனி அந்தப் பையனின் கேள்வி. கூட்டாளியே ஏன் கேட்கிறான்?

சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. அதில் பொய் இல்லை. ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓர் ஏவுகணை கிளம்பினால் அது வடதுருவத்தை ஒட்டி வருவதே குறுக்கு வழி. அந்த வழியில் கிரீன்லாந்து கிடக்கிறது. சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு. அதில் ஐந்தில் நான்கு பங்கு பனிப்பாறை. மக்கள் 57,000 பேர் அளவில். 1940 ஏப்ரலில் ஹிட்லரின் படை டென்மார்க்கைப் பிடித்த பிறகு, வாஷிங்டனில் இருந்த டென்மார்க் தூதர் ஹென்றிக் காஃப்மன், தன் அரசைக் கேட்காமலேயே 1941இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டு அங்கே தளங்கள் கட்ட வழிவிட்டார். கோபன்ஹேகன் அவரைத் துரோகி என்றது, போர் முடிந்ததும் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. 1946இல் ட்ரூமன் அரசு 10 கோடி டாலர் தங்கம் தருகிறோம், தீவைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தது. டென்மார்க் மறுத்தது. ஆனால் 1951இல் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது.

பிள்ளைகளுக்கு இந்த 1951 ஒப்பந்தத்தைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டும். குறித்த பகுதிகளில் அமெரிக்கா தளம் அமைக்கலாம், படையை நிறுத்தலாம், விமானமும் கப்பலும் போய்வரலாம். நிலத்தின் மீதான இறையாண்மை மட்டும் அமெரிக்காவுக்கு இல்லை. நேட்டோ உள்ளவரை இந்த ஒப்பந்தமும் உண்டு. 2004இல் கிரீன்லாந்து அரசையும் சேர்த்து இதைப் புதுப்பித்தார்கள். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தார்கள். நர்சர்சுவாக் தளத்தை 1958இலும் கங்கர்லுசுவாக் தளத்தை 1992இலும் விட்டுப் போனது அமெரிக்காதான், யாரும் வெளியேறச் சொல்லவில்லை. இன்று வடமேற்கில் பிட்டுஃபிக் என்ற ஒரே தளம். அங்கே ஏவுகணை எச்சரிக்கை ராடார் இயங்குகிறது. படை போதாது என்றால் கூட்டிக்கொள்ள ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது, டென்மார்க்கும் கிரீன்லாந்தும் பேசத் தயார் என்றே சொல்லிவருகின்றன. கிணற்றுக்குப் போக அடுத்தவர் வயலில் வழிநடைப் பாத்தியதை வாங்கியவர், வண்டி போகவில்லை, பாதையை அகலமாக்கித் தாருங்கள் என்று கேட்டால் அதில் நியாயம் உண்டு. வயலின் பட்டாவையே என் பெயருக்கு மாற்று என்றால் அவர் கேட்பது பாதையை அல்ல.

பாதுகாப்பு என்ற பெயரில் அந்த மக்களிடம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது கொஞ்சமல்ல. பிட்டுஃபிக் தளம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தட்டையான உச்சி கொண்ட ஒரு மலையடிவாரத்தில், உம்மான்னாக் என்ற சிற்றூர் இருந்தது. இனுகுயிட் என்னும் வேட்டைக்குடியினர் அங்கே வால்ரஸும் நரியும் வேட்டையாடிப் பிழைத்தார்கள். 1953 மே மாதம், தளத்துக்கு விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வைக்க இடம் வேண்டும் என்று அமெரிக்கா கேட்க, டென்மார்க் அதிகாரிகள் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். அவகாசம் சில நாள்தான். 27 குடும்பங்கள், 116 பேர், நாய் பூட்டிய பனிச்சறுக்கு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு 100 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போனார்கள். இன்று கானாக் என்று ஊர் இருக்கும் அந்த இடத்தில் அப்போது வீடு இல்லை. கோடை முழுதும் கூடாரத்தில் கிடந்தார்கள். புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1953 ஜூன் 5. அதற்குச் சில நாள் முன்பே அவர்களை அகற்றிவிட்டார்கள். அது கட்டாய வெளியேற்றம்தான் என்று டென்மார்க் உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. ஆனால் திரும்பிப் போகும் உரிமையைத் தரவில்லை. அந்தச் சமூகத்துக்குக் கிடைத்த இழப்பீடு 5 லட்சம் குரோனர்.

அதே தளத்தின் அருகே 1968 ஜனவரியில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளோடு பறந்த அமெரிக்க பி-52 விமானம் கடல் பனியில் விழுந்து நொறுங்கியது. புளூட்டோனியம் சிதறியது. தன் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த டென்மார்க், 1957இல் பிரதமர் ஹான்சன் எழுதிய ஒரு ரகசியக் குறிப்பின் மூலம் கண்டும் காணாமல் இருந்திருக்கிறது என்பது 1995இல்தான் வெளியே வந்தது. டென்மார்க்கின் கை சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. 1960களிலும் 70களிலும் ஆயிரக்கணக்கான கிரீன்லாந்துப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் பலரின் சம்மதமே இல்லாமல் கருத்தடைச் சாதனம் பொருத்தினார்கள். அதற்குப் பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் 2025 செப்டம்பரில் கிரீன்லாந்துத் தலைநகர் நூக்குக்கே போய் மன்னிப்புக் கேட்டார். இந்தக் கொடுமைகளை இப்போது வாஷிங்டனிலும் சிலர் எடுத்துப் பேசுகிறார்கள். பழைய எஜமான் செய்த தவறு புதிய எஜமானுக்கு உரிமைச் சீட்டு ஆகாது. இதை அந்த மாணவியிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கனிமத்துக்காகத்தான் இதெல்லாம் என்றும் சொல்கிறார்கள். அரியவகைத் தனிமங்கள் அங்கே உண்டு. ஆனால் 2009 சட்டப்படி கனிம வளம் கிரீன்லாந்து அரசின் பொறுப்பு. உரிமம் கேட்டு எந்த அமெரிக்க நிறுவனமும் விண்ணப்பிக்கலாம், தடையில்லை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சாலையே இல்லாத நாட்டில், அந்தக் குளிரில், தோண்டி எடுத்துக் கப்பலேற்றும் செலவுதான் தடை. கொடியை மாற்றினால் அந்தச் செலவு குறையாது.

2019இல் டிரம்ப் முதலில் கேட்டபோது, அபத்தமான பேச்சு என்றார் ஃபிரெடெரிக்சன். அதற்காகவே டிரம்ப் தன் டென்மார்க் பயணத்தை ரத்து செய்தார். 2025 ஜனவரியில், படைபலத்தைப் பயன்படுத்தமாட்டேன் என்று உறுதி தர மறுத்தார். 2026 ஜனவரியில் டென்மார்க் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகள் மீது கூடுதல் வரி போடுவதாக மிரட்டி, சில நாளில் டாவோஸ் மாநாட்டில், படையைப் பயன்படுத்தமாட்டேன் என்று சொல்லி வரியையும் கைவிட்டார். நேட்டோவின் 5ஆம் பிரிவு, அதாவது ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்ற பிரிவு, இதுவரை ஒரே ஒரு முறை பயன்பட்டது. அது 2001 செப்டம்பரில் அமெரிக்கா தாக்கப்பட்டபோது. அந்த அழைப்பை ஏற்று ஆப்கானிஸ்தானுக்குப் போன டென்மார்க் வீரர்களில் 40க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. நேட்டோ முடிவுகள் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எடுக்கப்படும். அடிப்பவனே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒப்பந்தத்தில் விடை எழுதப்படவில்லை. எழுத வேண்டி வரும் என்று 1949இல் யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் ஐ.நா. சாசனத்தின் 2ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. வலிமையைக் காட்டி மிரட்டுவதும் தடைதான், தாக்கினால்தான் குற்றம் என்றில்லை.

கிரீன்லாந்து மக்கள் என்ன சொல்கிறார்கள்? 2025 ஜனவரிக் கருத்துக்கணிப்பில் 85 சதவீதம் பேர் அமெரிக்காவோடு சேர வேண்டாம் என்றார்கள், வேண்டும் என்றவர்கள் 6 சதவீதம். அதற்காக டென்மார்க்கோடு இப்படியே இருந்துவிடுகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தனிநாடு வேண்டும் என்பதே பெரும்பாலானோர் ஆசை. மீனை நம்பிய பொருளாதாரம், டென்மார்க் ஆண்டுதோறும் தரும் மானியம், இரண்டையும் வைத்துப் பார்த்து மெல்லப் போவோம் என்பவர்களே 2025 மார்ச் தேர்தலில் வென்றார்கள். விரைந்து பிரிவோம் என்ற நலேராக் கட்சி இரண்டாவதாக வந்தது. அதன் பின் பிரதமரான யென்ஸ்-ஃபிரெடெரிக் நீல்சன், அமெரிக்காவா டென்மார்க்கா என்று இப்போதே தேர்ந்தெடுக்கச் சொன்னால் டென்மார்க்கைத்தான் தேர்ந்தெடுப்போம் என்று 2026 ஜனவரியில் சொன்னார். அந்த நாட்டில் வீட்டைச் சொந்தமாக வாங்கலாம், அது நிற்கும் மண்ணை யாரும் வாங்க முடியாது. நிலம் எல்லோருக்கும் பொது. அப்படிப்பட்டவர்களிடம்தான் மொத்தத் தீவுக்கும் விலை பேசுகிறார்கள்.

நாளை அவர்கள் தனிநாடாகி, தாங்களே விரும்பி அமெரிக்காவோடு ஓர் உறவு வைத்துக்கொண்டால் அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பசிபிக்கில் மார்ஷல் தீவுகளும் பலாவும் அப்படி ஓர் ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன. அது மிரட்டல் இல்லாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

படையெடுப்பு நடக்கும் என்று நான் பயப்படவில்லை. என் கவலை வேறு. முழுத் தீவு வேண்டாம், தளம் இருக்கும் நிலத்தின் மீது மட்டும் இறையாண்மை கொடுங்கள் என்ற கோரிக்கை சமரசம்போல மேசைக்கு வரலாம். சைப்ரஸ் 1960இல் விடுதலை பெற்றபோது பிரிட்டன் அக்ரோதிரி, டெகேலியா என்ற இரண்டு தளப் பகுதிகளை இப்படித்தான் தனக்கென்று வைத்துக்கொண்டது. இன்றும் அவை பிரிட்டனின் மண். பிட்டுஃபிக்கில் அப்படி ஒரு கோடு கிழித்தால், அது விழும் இடம் 1953இல் இனுகுயிட் குடும்பங்களை விரட்டிய அதே கரை. தாங்கள் இழந்த வேட்டை நிலத்தைப் பற்றிப் பேச அவர்கள் இன்று நூக்குக்கும் கோபன்ஹேகனுக்கும் போகலாம். அது வேறொரு நாட்டின் மண்ணாகிவிட்டால், அந்த நாட்டின் நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும்.