மூட்டை கட்டுவோரும் அவர்தம் மனப்பாங்கும்

நம் பேச்சில் 'மூட்டை முடிச்சு' என்றொரு தொடர் உண்டு. மூட்டை பெரியது, முடிச்சு சிறியது. முந்தானையில் முடிந்த காசும் முடிச்சுத்தான். துணியில் பொதிந்த கட்டுச்சோறும் முடிச்சுத்தான். சில்லு வைத்த பெட்டிகள் வந்த பின்னரும் இத்தொடர் நம்மை விட்டுப் போகவில்லை. ஒருவர் ஆசையோடு சுற்றுலாவுக்குப் புறப்படுவதையும் இது குறிக்கும். 'மூட்டை முடிச்சைக் கட்டு' என்று கோபத்தில் சொன்னால், வீட்டை விட்டே போ என்று பொருள். யாழ்ப்பாணத்தில் வாழும் நமக்கு இந்த இரண்டு பொருளுமே தெரியும்.

பயணத்துக்குச் சாமான் அடுக்கும் விதத்திலேயே ஒருவரின் குணத்தை அறிந்துவிடலாம் என்பார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு வசதி இருக்கிறது. புத்தூர்ச் சந்திக்கருகே வாப்பாவுக்குப் பைகளும் பாதணிகளும் விற்கும் சிறிய கடை உண்டு. விடுமுறை நாட்களில் நான் அங்கிருந்து படிப்பது வழக்கம். (படிப்பதாகச் சொல்வது வழக்கம் என்று உம்மா திருத்துவார்.)

பை வாங்க வருபவர்களில் ஒரு வகையினர் எல்லாச் சிப்புகளையும் திறந்து மூடிப் பார்ப்பார்கள். எந்த அறையில் எதை வைப்பது என்று கடையிலேயே தீர்மானித்துவிடுவார்கள். பற்பசைக்கு ஓர் அறை, தொலைபேசி வயருக்கு ஓர் அறை. இன்னொரு வகையினர் இரவு கொழும்பு பஸ்ஸுக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து, கையில் அகப்பட்டதை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். மூன்றாம் வகையினர் இரண்டு நாள் பயணத்துக்கும் கடையிலுள்ள மிகப் பெரிய பையையே கேட்பார்கள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்பது அவர்களுடைய வாய்ப்பாடு. மழை வந்தால், குளிர் அடித்தால், திடீரென்று ஒரு கலியாண வீட்டுக்குப் போக நேர்ந்தால் என்று அந்தப் பை நிரம்பும்.

உளவியலாளர் ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரித்து நோக்குவதுண்டு. புதியவற்றில் நாட்டம், ஒழுங்கும் கடமையுணர்வும், வெளிமுக இயல்பு, இணங்கிப் போகும் தன்மை, பதற்றத்துக்கு உள்ளாகும் தன்மை என்பவை அவை. சிப்பைத் திறந்து பார்ப்பவரிடம் ஒழுங்குணர்வு கூட என்று சொல்லிவிடலாம். ஆனால் ஐந்து மணிக்கு ஓடி வருபவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. டானியல் கானமன், அமோஸ் ட்வேர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979 இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரு வேலை சென்ற முறை எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரிந்திருந்தும், இந்த முறை விரைவில் முடிந்துவிடும் என்றே மனிதர் கணக்குப் போடுகிறார்கள். கடைசி நேரத்தில் அடுக்குபவர் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார். அதே ஆண்டில் அவர்கள் எழுதிய இன்னொரு கருத்து பெரிய பைக்காரருக்குப் பொருந்தும். ஒன்றைப் பெறும்போது வரும் மகிழ்ச்சியை விட அதையே இழக்கும்போது வரும் வேதனை நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. கொண்டுபோகாத குடைக்காக நனைவது, கொண்டுபோன குடையைச் சும்மா சுமப்பதை விடக் கொடுமையாக அவர் மனதுக்குப் படுகிறது.

நான்காவதாக ஒரு வகை உண்டு. அதை எந்தப் பட்டியலிலும் நான் காணவில்லை. மற்றவருக்காக அடுக்குபவர்கள்தான் அவர்கள். கனடாவுக்குப் போகிறவர்களின் பெட்டிகளைப் பாருங்கள். விமான நிறுவனங்கள் பல ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று எல்லை வைத்திருக்கின்றன. அந்த 23 கிலோவுக்குள் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, பருத்தித்துறை வடை எல்லாம் ஏற வேண்டும். நிறை கூடினால் முதலில் வெளியே வருவது கொண்டுபோகிறவரின் சொந்த உடுப்புகளே. ரொறன்ரோவிலுள்ள மகளைப் பார்க்கப் போன ஒரு தாய், பெட்டியை எங்கள் கடைத் தராசில் நிறுத்துவிட்டு மூன்று சேலைகளை வெளியே எடுத்தார். தூள் பையைத் தொடவில்லை. அவர் ஒழுங்கானவரா, பதற்றக்காரரா என்று பெட்டியை மட்டும் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

அமெரிக்க உளவியலாளர் வோல்ற்றர் மிஷல் 1968 இல் ஒரு நூல் வெளியிட்டார். மனிதரின் நடத்தையை அவருடைய குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அவர் நிற்கும் சூழ்நிலைக்கும் அதில் பெரும் பங்குண்டு என்று அதில் வாதிட்டார். வலுவான சூழ்நிலை, வலுவற்ற சூழ்நிலை என்றும் அவர் பின்னர் பிரித்துக் காட்டினார். விருப்பம்போல் நடக்க இடமிருந்தால் குணம் வெளியே தெரியும். விதி இறுக்கமாக இருந்தால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடப்பார்கள். ஹஜ் பயணம் இதற்கு நல்ல உதாரணம். ஆண்களுக்குத் தைக்கப்படாத இரண்டு துணிகளே இஹ்ராம் உடை. இஹ்ராமில் வாசனை கூடாதென்பதால் சவர்க்காரத்தைக் கூட மணமில்லாததாகத் தேடி வாங்குகிறார்கள். அங்கே பணக்காரரின் பையும் தோட்டக்காரரின் பையும் ஒன்றுபோலவே இருக்கும்.

அது மனம் விரும்பி ஏற்ற விதி. விரும்பாமல் வந்த சூழ்நிலை ஒன்றும் எங்கள் வரலாற்றில் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். கொண்டுபோகும் பணத்துக்கும் எல்லை விதிக்கப்பட்டது. பலருடைய நகைகள் புறப்படும் வழியிலேயே பறிக்கப்பட்டன. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 க்கு மேற்பட்டோர் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளத்தில் போய்த் தங்கினர்.

எங்கள் குடும்பத்தில் உம்மம்மாவைப் போல் ஒழுங்கானவர் எவருமில்லை. சீனிப் போத்தலின் மூடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதிலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. அவருடைய தங்கையை, எங்கள் சின்ன உம்மம்மாவை, கவலையீனத்துக்கு உதாரணமாக இன்றும் சொல்வார்கள். அன்று உம்மம்மா கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து, அழகாக மடித்து, அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் புறப்பட்டாராம். பால் போத்தலும் ஒரு டோர்ச்சும்தான் அவருடைய பையில் இருந்தன. காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் இருந்த பிஸ்கட் ரின்னைத் தூக்கி வந்தவர் சின்ன உம்மம்மா!

இதைக் கேட்டு, நெருக்கடியில் குணம் தலைகீழாகிவிடுகிறது என்றே முதலில் எழுதி வைத்தேன். உம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கு மூணு பிள்ளைகள். அவளுக்கு அப்ப கலியாணமே ஆகேல்ல. அவளுக்கு ரெண்டு கையும் சும்மா இருந்திச்சு" என்றார். நான்கு வயதான என் உம்மா ஒரு கையில், கைக்குழந்தை மறு கையில், மூத்தவர் சேலையைப் பிடித்தபடி. உளவியல் நூல்கள் குணத்தையும் சூழ்நிலையையும் பற்றிப் பேசுகின்றன. எத்தனை கைகள் சும்மா இருந்தன என்பதை அவை கேட்பதில்லை. வீட்டுப் பெண்களின் பையை வைத்து அவர்களை எடை போடுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமத் தமிழ் மக்களும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். ஒக்டோபர் 17 இல் தொடங்கிய இராணுவ நடவடிக்கை கிழக்குப் பக்கமாக முன்னேறியதால், புத்தூர், அச்சுவேலிப் பக்கத்தவர்கள் அதற்கு முன்னரே புறப்பட வேண்டியதாயிற்று. எங்கள் கடைக்குப் பின்வீட்டு ஆச்சி அப்போது சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோனது உடுப்பல்ல, ஓர் உரப்பை நிறைய விதை வெங்காயம். "உடுப்பு ஆரும் தருவினம் பிள்ளை, விதை ஆர் தருவினம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருடைய கணவர் றேடியோவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார். பற்றரி கிடைக்காத அந்தக் காலத்தில் றேடியோவை இயக்கச் சைக்கிள் டைனமோவைத்தான் சுற்றுவார்கள். அந்த டைனமோவை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டார். முப்பது வருடமாகியும் ஆச்சியின் கோபம் ஆறவில்லை.

இங்கே குணம் மறையவில்லை. தோட்டக்காரியின் தூரநோக்கு அப்படியே உரப்பைக்குள் இருந்தது. ஆச்சியிடம் ஒரு சைக்கிள் இருந்தது, மூட்டையைக் கட்ட ஒரு பகற்பொழுதும் இருந்தது. உம்மம்மாவுக்கு இரண்டு மணி நேரமே கிடைத்தது. யாருடைய துயரம் பெரிது என்று அளக்க நான் இதைச் சொல்லவில்லை. ஆச்சியும் உம்மம்மாவும் அப்படி அளந்து பேசி நான் கேட்டதுமில்லை. ஒரு சிறிதளவு நேரம் கிடைத்தால் போதும், மனிதர் தாம் யார் என்பதை மூட்டைக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்த நேரமும் இல்லாதபோது மூட்டையில் அகப்படுவதைக் கொண்டு அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தப் பிஸ்கட் ரின் பிறகு மிகவும் உதவியது. 2009 இல் போர் முடிந்து ஊர் திரும்பியபோது, உறுதி கையிலிருந்தவர்களுக்குத் தங்கள் வளவைக் காட்டுவது இலகுவாயிற்று. இல்லாதவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க அலைந்தார்கள். இன்று எங்கள் கடையில், பத்திரங்கள் வைக்கும் சிப் போட்ட கோப்புப் பைகள் தொங்குகின்றன. என் வயதுப் பிள்ளைகள் வந்தால் என்ன நிறங்கள் இருக்கின்றன என்று கேட்பார்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் நிறத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீர் உள்ளே போகுமா என்றும், தோளில் மாட்ட நாடா இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள்.