முப்பது நாள் கணக்கு

பெருநாள் கழிந்த முதல் ஜும்ஆவில் ஊருக்கு ஊர் ஒரே பயான். "ஒரு காரியத்தை 21 நாள் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்று விஞ்ஞானமே சொல்கிறது. அல்லாஹ் நமக்கு முப்பது நாள் கொடுத்தான். அதற்குப் பிறகும் சுபுஹுக்கு எழுந்து வரவில்லை என்றால் உங்கள் நோன்பு கபூலாகவில்லை என்று அர்த்தம்." அன்று மாலைக்குள் இதே வாசகம் பிறைப் படத்தோடு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிடுகிறது. அடுத்த வருடமும் வரும். கேட்பவர் தலை குனிகிறார். சொன்னவர் சமுதாயத்துக்கு உறைக்கச் சொல்லிவிட்டதாக நிறைவடைகிறார். மூன்று வரிக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படுவது, மற்றது மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவது.

முதலில் 21 நாள். இந்த எண் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் 'சைக்கோ சைபர்னெட்டிக்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புதிய முகம் பழகுவதற்குக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று தன் நோயாளிகளிடம் கண்டதை அதில் எழுதினார். சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் அதை எடுத்துக்கொண்டபோது 'குறைந்தது' போயிற்று, 'சுமார்' போயிற்று, முகமும் போயிற்று. எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் என்ற சூத்திரம் மட்டும் மிஞ்சியது. மூக்கைச் சீர்செய்துகொண்டவரின் அனுபவத்துக்கும் அதிகாலைத் தொழுகைக்கும் என்ன தொடர்பு என்று மிம்பரில் நிற்பவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

உண்மையிலேயே அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு செயலைத் தேர்ந்துகொண்டார்கள். ஒருவர் காலை உணவுக்குப் பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது என்று வைத்துக்கொண்டார். இன்னொருவர் இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் ஓடுவது என்று வைத்துக்கொண்டார். யோசிக்காமலே கை கால் தானாக அதைச் செய்யும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டதில் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே கைகூடியது. சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பதிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. தண்ணீர் குடிப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும்போது, தூக்கத்தை உதறி, உளூ செய்து, இருட்டில் நடந்து பள்ளிவாசலுக்குப் போகும் காரியம் ஒரு மாதத்தில் பதியவில்லை என்று ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

நாள் கணக்கைவிட முக்கியமான விஷயம் அந்த ஆய்வின் அமைப்பிலேயே இருக்கிறது. தேர்ந்த செயல் ஒவ்வொன்றும் தினமும் தவறாமல் வரும் ஒன்றோடு கட்டப்பட்டிருந்தது: காலை உணவு, மதியச் சாப்பாடு, காபி. அது வந்ததும் இது நினைவுக்கு வரும். பழக்கம் வேர் பிடிப்பது அந்தப் பிணைப்பில்தான்.

ரமலானில் நடப்பதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வீட்டில் சஹருக்கு அம்மா எழுந்துவிடுகிறார். அடுப்பு எரிகிறது, பாத்திரம் உருள்கிறது, பக்கத்து வீட்டு விளக்கும் எரிகிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். சாப்பிட்டு முடித்தவர் விழித்துத்தான் இருக்கிறார். சுபுஹு அவரைத் தேடி வந்துவிடுகிறது. அஸருக்குப் பிறகு கஞ்சி வாளியோடு பிள்ளைகள் பள்ளிவாசல் வாசலில் வரிசை கட்டுகிறார்கள். இஷாவுக்குப் பிறகு தெருவே தராவீஹுக்கு நடக்கிறது. சென்னை திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலில், மயிலாப்பூரின் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துத் தொண்டர்கள் பல்லாண்டுகளாக ரமலான் மாலைதோறும் நோன்பு திறக்க உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். ஒருவரின் நோன்புக்குப் பின்னால் ஓர் ஊரே உழைக்கிறது. அந்த மாதத்தின் பெரிய அருளே இதுதான்.

ஷவ்வால் பிறை தெரிந்த இரவில் இவை அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன. சஹர் இல்லை, கஞ்சி இல்லை, தராவீஹ் இல்லை. பெருநாள் விருந்தும் உறவினர் வீடுமாக நாலைந்து நாள் நள்ளிரவு தாண்டித்தான் தூக்கம். ஐந்து மணிக்கு எழுப்ப யாரும் இல்லை. ரமலானில் வெளிவராந்தா வரை நிரம்பிய ஸஃப்கள் சுபுஹில் ஒன்றரையாகச் சுருங்குவது இதனால்தான். வராதவர்களை நயவஞ்சகர் பட்டியலில் சேர்க்கும் முன், அவர்களைத் தாங்கி நின்றது எது, அதை நாம் எப்போது எடுத்தோம் என்று ஜமாஅத் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது தவறு. "கபூலாகவில்லை" என்று சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஓர் அமல் ஏற்கப்பட்டதா என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று மதரஸாவின் முதல் வகுப்பிலேயே பாடம் நடத்துகிறவர்களே ஜும்ஆவில் தீர்ப்பு எழுதுகிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம், 14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு ரஜப் போன்ற அறிஞர்கள் எழுதியது: ஒரு நன்மையைத் தொடர்ந்து இன்னொரு நன்மை வருவது முந்தியது ஏற்கப்பட்டதன் அடையாளம். இது நம்பிக்கையூட்டும் கருத்து. அதைத் தலைகீழாகத் திருப்பி, அடையாளம் தெரியாவிட்டால் நிராகரிப்பு என்று படிப்பது தர்க்கப் பிழை. அந்தப் பிழையால் நேரும் சேதமும் சிறியதல்ல. "எப்படியும் என் நோன்பு ஏற்கப்படவில்லை" என்று எண்ணியவர் மீதமிருக்கும் ஒரு வக்தையும் விட்டுவிடுகிறார்.

நபிகள் நாயகம் (ஸல்) இதைக் கையாண்ட விதமே வேறு. புகாரியில் அனஸ் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்தது. விசாரித்தபோது, அது ஸைனப் (ரலி) கட்டியது, நின்று தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்காக என்றார்கள். அவிழ்த்துவிடும்படி நபி (ஸல்) சொன்னார்கள். தெம்பு இருக்கும்வரை நின்று தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்பது அவர்கள் கட்டளை. குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்ற ஹதீஸை அறிவிப்பவர் ஆயிஷா (ரலி). தினமும் நோன்பு வைப்பேன் என்று பிடிவாதமாக நின்ற அப்துல்லாஹ் இப்னு அம்ருக்கு (ரலி) மாதத்தில் மூன்று நாள் போதும் என்றுதான் நபி (ஸல்) ஆரம்பித்தார்கள். அவரோ கூட்டிக் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் வரை போனார். முதுமையில் உடல் தளர்ந்தபோது, அன்று கொடுத்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார். ரமலானின் வேகத்தையே வருடம் முழுக்க இழுக்கச் சொல்கிறவர்கள் இந்த ஹதீஸ்களை ஏன் எடுத்துச் சொல்வதில்லை?

21 நாள் வதந்திக்கு வால் ஒன்றும் இருக்கிறது: "நடுவில் ஒருநாள் விட்டாலும் எல்லாம் போச்சு." இதனால் அதிகம் நோகிறவர்கள் பெண்கள். மாதவிலக்கு நாட்களில் தொழுகையும் நோன்பும் இல்லை என்பது மார்க்கம் வகுத்த விதி. அப்படியிருக்க, அறுபடாத தொடர்ச்சிதான் ஆன்மிக வளர்ச்சியின் அளவுகோல் என்றால் பெண்களுக்கு அந்த வாசலையே அடைத்ததாகிவிடும். லாலியின் ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கம் பதிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்குவதும் ஒரு திறமை. வயதுவந்த ஒவ்வொரு முஸ்லிம் பெண்ணும் அதை மாதாமாதம் செய்துகொண்டிருக்கிறாள். விட்டுப்போன களா நோன்புகளைத் தம்மால் அடுத்த ஷஃபானில்தான் நிறைவேற்ற முடிந்தது என்று ஆயிஷாவே (ரலி) சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? ரமலானில் செய்த பத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, வருடம் முழுக்க இருக்கும் ஒன்றோடு கட்டவேண்டும். தினம் ஒரு ஜுஸ்வு ஓதியவர் மக்ரிபுக்குப் பிறகு தொழுத இடத்திலேயே ஒரு பக்கம் ஓதட்டும். சுபுஹு வேண்டுமென்றால் அலாரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, படுக்கும் நேரத்தைப் பற்றிப் பேசவேண்டும். இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து கதை பேசுவதை நபி (ஸல்) விரும்பியதில்லை என்று புகாரியில் இருக்கிறது. அந்த இடத்தில் இன்று கைபேசி இருக்கிறது. இரவு ஒரு மணிவரை திரையைத் தேய்த்தவரை ஐந்து மணிக்கு ஈமான் எழுப்பவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை. அவருக்குத் தேவை தூக்கம்.

"பசியை வென்றவன் எதையும் வெல்வான், மனவுறுதி ஒரு தசை" என்பதும் அடிக்கடி கேட்கும் வசனம். மனவுறுதி என்ற ஒற்றைச் சேமிப்பு ஒன்று இருப்பதாகவும், செலவழித்தால் அது வற்றுவதாகவும் 1998-இல் ராய் பாமைஸ்டர் குழு சொன்னது. அந்தக் கருத்தை 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தபோது ஏறக்குறைய ஒன்றும் தென்படவில்லை. 2012-இல் ஜெர்மனியில் 205 பேரின் அன்றாட ஆசைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் வேறொன்று தெரிந்தது. கட்டுப்பாடு மிக்கவர்கள் சபலத்தோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் அல்ல; அவர்களுக்குச் சபலமே குறைவாக நேர்ந்தது. நோன்பு திறக்கும்போது வயிறு புடைக்க உண்பவன் நோன்பின் நோக்கத்தையே தோற்கடிக்கிறான் என்று ஒன்பது நூற்றாண்டுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி கண்டித்திருக்கிறார். பகல் பசி தானாக எதையும் திருத்திவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஷைத்தானை அவிழ்த்துவிட்டார்கள், அதனால்தான் பெருநாளுக்குப் பிறகு இப்படி" என்ற சாக்கும் எடுபடாது. அவன் விலங்கிடப்படும் ரமலான் மாதத்திலும் பாவங்கள் நடப்பதைக் கண்ட மார்க்க அறிஞர் குர்துபீ, நஃப்ஸும் கெட்ட பழக்கமும் மனித ஷைத்தான்களும் வேறு காரணங்களாக இருப்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். தன் பழக்கத்துக்குத் தானே பொறுப்பு.

ஷவ்வால் ஆறு நோன்பைப் பெருநாளுக்கு மறுநாளே தொடங்கி வரிசையாக வைத்தால்தான் கூடும் என்பதும், ஒரு வருடம் வைத்தால் ஆயுளுக்கும் வைத்தாக வேண்டும் என்பதும் தவறு. அது சுன்னத்து. ஷாஃபி மத்ஹபில் உடனே தொடர்ந்து வைப்பது சிறப்பு, மாதத்துக்குள் பிரித்து வைத்தாலும் நிறைவேறும். அறியாதவர்கள் இதையும் ரமலானோடு சேர்த்துக் கடமையாக்கிவிடுவார்கள் என்று அஞ்சி இமாம் மாலிக் இதை விரும்பாமலே இருந்தார். அவர் அஞ்சியதுதான் பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. ரமலானில் குறைந்த எடை நிலைக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். சில வாரங்களில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

கடைசியாகப் புகை. இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் ஒரு மாத வாய்ப்பு ஆண்டுதோறும் வீணாகிறது. "ரமலானில் முப்பது நாள் விட்டிருந்தேன், பெருநாளன்று திரும்பப் பிடித்துக்கொண்டது" என்று சொல்லும் பலர் உண்மையில் ஒருநாளும் விடவில்லை. பகலில் விட்டார்கள். நோன்பு திறந்து ஒரு பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் கஞ்சி, மக்ரிப் தொழுகை. அடுத்து பள்ளிவாசலை ஒட்டிய டீக்கடையில் தீக்குச்சி உரசும் சத்தம். தராவீஹ் முடிந்ததும் இன்னொன்று, சஹரை முடித்துக் கடைசியாக ஒன்று. ரத்தத்தில் நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் தவித்த மூளைக்கு ஒவ்வொரு மாலையும் அதையே பரிசாகக் கொடுத்தால் பிடி தளர்வதற்கு வழியே இல்லை.

இரவுப் புகையையும் முதல் நோன்பிலிருந்தே விட்டவரின் கதை வேறு. புகையை நிறுத்தியதும் வரும் எரிச்சலும் தவிப்பும் முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். பெருநாள் தொழுகைக்கு நிற்கும்போது உடலளவில் கடினமான பகுதி முடிந்திருக்கும். மிச்சமிருப்பது பிரியாணிக்குப் பிறகு நண்பர்கள் நீட்டும் பெட்டியும், தேநீரோடு வரும் நினைப்பும். அதற்குத்தான் துணை வேண்டும். ஷஃபான் கடைசி ஜும்ஆவில் இமாம்கள் இதைப் பேசலாம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, இலவசம். அதைத் தராவீஹ் நேர அட்டவணைக்குக் கீழே அச்சிட ஜமாஅத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளை வாடகைக்கு விடும்போது பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க முத்தவல்லிக்கு அதிகாரம் இருக்கிறது. விட்டவர்களின் பெயரைக் குறித்துவைத்து, ஷவ்வாலின் ஒவ்வொரு வெள்ளியும் தொழுகைக்குப் பிறகு "இந்த வாரம் எப்படி பாய்?" என்று ஒருவர் தனியாக விசாரிக்க வேண்டும். இதை அடுத்த ரமலானுக்கு முன்பே, நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு, யார் பொறுப்பு என்று பெயரும் எழுதிவிட வேண்டும்.