தூண்டிலுக்கும் உண்டு சட்டம்



சித்திரை பிறந்துவிட்டால் நம்ம ஆலங்குளம் மார்க்கெட்டில் மீன் விலை ஏறிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். சாளையும் நெத்திலியும்தான் அதிகம் கிடைக்கும். பெரிய மீன் கேட்டால், "கேரளா ஐஸ் மீன்தான் கெடக்கு, வேணுமா?" என்பார் மீன்காரக்கா. எங்கள் ஆச்சி உடனே, "ஏன், தூத்துக்குடி கடல் வத்திப் போச்சோ?" என்று கேட்பார். கடல் வற்றவில்லை. அதற்குப் பெயர் மீன்பிடித் தடைக்காலம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல் இந்தத் தடை வந்தபோது 45 நாட்கள்தான் இருந்தது. 2017-ல் 61 நாளாக ஆக்கினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்காக விடும் லீவு இது. நமக்கு முழு ஆண்டு லீவு, மீனுக்கும் லீவு! நாட்டுப்படகு, வள்ளம், கட்டுமரக்காரர்கள் கரைப்பக்கம் பிடித்துக்கொள்ளலாம். அதனால்தான் அந்த இரண்டு மாதம் சின்ன மீனாக வருகிறது. வேலை இல்லாமல் இருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"நம்ம தென்காசி மாவட்டத்துக்குக் கடலே கெடயாது, இது நமக்கு எதுக்குலே?" என்று என் சேக்காளி ஒருவன் கேட்டான். உண்மைதான். 2019-ல் திருநெல்வேலியில் இருந்து பிரிந்தபோது கடற்கரை அவங்க பக்கம் போயிட்டு. (பரவாயில்லை, குற்றாலம் நமக்கு வந்துட்டு!) ஆனால் நான் எழுத வந்தது கடலைப் பற்றி மட்டும் இல்லை. மீன் பிடிக்கிறவர்களே தங்களுக்குள் சட்டம் வைத்து, தாங்களே எப்படிக் காவல் காக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அது நம்ம குளத்துக்கும் பொருந்தும்.

முதலில் அரசுச் சட்டம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. அதன்படி விசைப்படகுகள் கரையில் இருந்து 3 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. 3 கடல் மைல் என்றால் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். அந்தப் பகுதி நாட்டுப்படகுக்காரர்களுக்கு. விசைப்படகு காலை 5 மணிக்கு மேல்தான் புறப்பட வேண்டும், இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். எழுதி வைத்தாச்சு சரி, யார் பார்ப்பது? தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடலுக்கு வேலி இல்லை, கேட் இல்லை, வாட்ச்மேன் இல்லை. அதிகாரிகள் எத்தனை பேர் ரோந்து போனாலும் ஒவ்வொரு படகின் பின்னாலும் போக முடியுமா? ஒரு படகை எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பது அடுத்த படகுதான்.

ராமேஸ்வரத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு. ஏன் என்றால், இரவில் நாட்டுப்படகுக்காரர் போட்டு வைத்த வலையை விசைப்படகு இழுத்துக் கிழித்துக்கொண்டு போய்விடும். கடன் வாங்கி வாங்கிய வலை. அதில் எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கின்றன. நாளைப் பிரித்துக்கொண்ட பிறகு, செவ்வாய்க்கிழமை ஒரு விசைப்படகு கடலில் நின்றால் யாரும் அளந்து பார்க்க வேண்டியது இல்லை. தப்பு என்று பார்த்த உடனே தெரியும். நல்ல சட்டத்துக்கு இது ஒரு அடையாளம் என்று நினைக்கிறேன். மூணு மைலை நடுக்கடலில் அளக்கிறது கஷ்டம். கிழமை எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடித்தது, பழவேற்காட்டில் நடக்கும் 'பாடு' முறை. சென்னைக்கும் வடக்கே இருக்கிறது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி அது. அங்கே இறால்தான் காசு. ஏரியில் வளரும் இறால், கடலுக்குப் போகும்போது முகத்துவாரம் வழியாகத்தான் போயாகணும். அதனால் அந்தப் பக்கத்தில் கம்பு நட்டு வலை கட்டுகிறவருக்குக் கூடை நிறையும். தள்ளி உள்ளே கட்டுகிறவருக்குக் குழம்புக்குத்தான் காணும். அப்படியானால் நல்ல இடத்துக்கு அடிதடி வராதா? வரும். அதற்காகத்தான் அங்கே உள்ள சில மீனவக் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு முறை வைத்திருக்கின்றன. எந்த நாள், எந்த இடம், யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். முறை சுற்றிச் சுற்றி வரும். இந்த முறைக்குத்தான் 'பாடு' என்று பெயர். (கடற்கரையில் 'இன்னைக்குப் பாடு எப்படி?' என்றால் மீன் எவ்வளவு கிடைத்தது என்று அர்த்தம். கஷ்டத்துக்கும் அதே வார்த்தைதான். பொருத்தம்!)

இதில் காவல் எப்படி என்று பாருங்கள். முறை இல்லாத ஒருவர் நல்ல இடத்தில் வலை கட்டினால், அன்றைக்கு முறை உள்ளவர் அங்கே வந்து நிற்பார். அவர் நஷ்டத்தை அவர் சும்மா விடுவாரா? பிராது ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகும், அபராதம் விழும். தனியாகச் சம்பளம் கொடுத்து ஒரு காவலாளி வைக்கத் தேவையே இல்லை.

இதே யோசனை துருக்கி நாட்டிலும் உதித்திருக்கிறது. அலன்யா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே செப்டம்பர் மாதம் மீன் பிடிக்கும் இடங்களை எல்லாம் பட்டியல் போட்டுச் சீட்டுக் குலுக்குவார்கள். அதில் இருந்து ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் கிழக்கே ஒரு இடம் நகர வேண்டும். ஜனவரிக்குப் பிறகு மேற்கே. மீன் கூட்டம் போகும் பாதையில் எல்லாருக்கும் சம வாய்ப்பு கிடைக்கத்தான் இப்படி. மீறினால் அந்த இடத்துக்கு உரியவரே பிடித்துவிடுவார். சண்டை வந்தால் காபிக் கடையில் வைத்துப் பேசித் தீர்ப்பார்கள். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மையார் இந்த மாதிரி ஊர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து எழுதினார். 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். நம்ம பழவேற்காட்டுக்காரர்களுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாடு முறை எல்லாருக்கும் உரியது இல்லை. அது குறிப்பிட்ட குப்பங்களில், குறிப்பிட்ட சாதியைச் சேர்ந்த ஆண்களுக்கு மட்டும் உள்ள உரிமை. அதே ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்றவர்கள், தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்கள், பெண்கள், யாருக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. பிறகு மற்ற ஊர்க்காரர்களும் அதே வலையைக் கட்ட வந்தபோது பெரிய தகராறு வந்தது. உள்ளே இருக்கிறவனுக்கு அது நியாயமான முறை. வெளியே நிற்கிறவனுக்கு அது பூட்டுப் போட்ட கதவு. அவன் ஏன் அந்தச் சட்டத்தை மதிக்கணும்?

சுருக்குமடி வலைப் பிரச்சினையும் இப்படித்தான். மீன் கூட்டத்தையே மொத்தமாக வளைத்துச் சுருக்கி அள்ளும் வலை அது. தமிழ்நாட்டில் 2000-ல் தடை செய்தார்கள். ஆனாலும் லட்சக்கணக்கில் கடன் வாங்கி வலை வாங்கினவர்கள் விடவில்லை. கடலூர், நாகப்பட்டினம் பக்கம் மீனவ ஊர்களே இரண்டாகப் பிரிந்து நின்றன. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கரையில் இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று. சொந்தக்காரர்களே எதிர் எதிரே நிற்கும்போது ஊர்ப் பஞ்சாயத்தால் தீர்க்க முடியாமல்தானே டெல்லி வரை போனது.

இப்போது குளத்துக்கு வருவோம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். கண்மாயில் தண்ணீர் வற்றுகிற வரைக்கும் யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள். விவசாயத்துக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்த பிறகு ஒரு நாள் குறித்து, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அப்புறம்தான் ஊத்தா, கச்சா, வலையோடு எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். துண்டு வீசும் முன்னால் ஒருத்தர் கால் வைத்தால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள்.

நம்ம பக்கம் மீன்பாசி குத்தகை. குளத்தை ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்ப்பார். இது புதுசு இல்லை. சோழர் கல்வெட்டிலேயே 'பாசிப்பாட்டம்' என்று வருகிறது. குளத்து மீன் வருமானம் அது. அதை வைத்தே குளத்தைத் தூர் வாரியிருக்கிறார்கள். எங்கள் குளத்தைக் குத்தகைக்கு எடுத்த அண்ணாச்சி தூண்டிலுக்கு ஒன்றும் சொல்வதில்லை. வலை வீசணும்னா கேட்டுட்டுத்தான் வீசணும். தோட்டா போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம்.

எங்கள் கரையில் தூண்டில் போடுகிறவர்கள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். எங்களுக்கு முன்னால் இருந்தே அங்கே உட்காரும் ஒரு தாத்தா சொல்லிக் கொடுத்த சட்டம் இது: "லே, தண்ணிக்கு மேல செவப்பா குஞ்சு மொதக்கதப் பாத்தா தூண்டிலச் சுருட்டிட்டு வேற எடத்துக்குப் போயிரணும்." அது விரால் குஞ்சு. அடியிலேயே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் இல்லை, கோபத்தால். அதனால் அந்த நேரம் விரால் பிடிப்பது ரொம்ப லேசு. ஆனால் தாய் போய்விட்டால் கெளுத்தியும் தண்ணிப்பாம்பும் கொக்கும் சேர்ந்து குஞ்சு அத்தனையையும் தீர்த்துவிடும். ஒரு மீனுக்கு ஆசைப்பட்டு நூறு மீன் போகும். மீறுகிறவர் தூண்டில் ஒரு வாரம் தாத்தாவிடம் இருக்கும் என்று ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டோம்.

போன மழைக்காலத்தில் வெளியூர் ஆள் ஒருத்தர் பேட்டரியும் வயரும் கொண்டுவந்து கரண்ட் வைத்து மீன் பிடிக்கப் பார்த்தார். ஒன்பது பேரும் சேர்ந்து சத்தம் போட்டோம். குத்தகைக்கார அண்ணாச்சியிடம் சொன்னோம். அவர் ஓடிவிட்டார். அது பெரிய விஷயம் இல்லை. இரண்டு வாரம் கழித்து எங்கள் கபடி டீம் கேப்டன் அண்ணனே சிவப்புக் குஞ்சுக்கு நடுவில் தூண்டிலைப் போட்டு ஒரு பெரிய விராலை இழுத்துவிட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஏழாம் வகுப்புப் படிக்கிற சின்னப் பையன்தான், "அண்ணே, தூண்டிலக் குடு" என்றான். அண்ணன் முதலில் சிரித்தார். தாத்தா ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். அண்ணன் தூண்டிலைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். இரண்டு வாரம் குளத்துப் பக்கமே வரவில்லை, கபடிக்கும் வரவில்லை. இப்போது வருகிறார். பேச்சு கொஞ்சம் கம்மிதான். அதன் பிறகு சிவப்புக் குஞ்சு தெரிந்தால் யாரும் அங்கே உட்காருவது இல்லை.

இப்போது வந்திருப்பது வேறு சிக்கல். எதிர்க்கரையில் தூண்டில் போடும் பையன்களிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னோம். "எங்களக் கேட்டா வச்சீங்க?" என்றார்கள். கேட்கவில்லைதானே, நியாயமான கேள்வி. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு கரையும் மடைப் பக்கத்தில் கூடிப் பேசுவதாக இருக்கிறோம். தூண்டில் சட்டத்துக்கு அவர்கள் சம்மதம்தான். ஆனால் வீச்சு வலைக்கும் அதே சட்டம் வேண்டும் என்கிறார்கள். குளத்தில் வீச்சு வலை வீசுவது இரண்டு வீட்டுக்காரர்கள். இரண்டு வீடும் எங்கள் கரையில் இருக்கிறது. அதில் ஒன்று என் தாய்மாமா வீடு. மாமாவிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது.